பாரணை இல்லாத பட்டினி

“பெண்கள் தொழில் நடத்துவதைப் பற்றி இதழுக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள்” என்று சங்கத்து அன்பர்கள் எங்களைக் கேட்டுப் பல திங்கள் ஆகிவிட்டன. அப்பளம் இட்டுப் பழகிய கைகளுக்கு எழுதுகோல் எளிதில் வசப்படுவதில்லை. எனினும், எங்கள் வீட்டில் நடந்த ஒன்று வேறு வீடுகளிலும் நடந்துகொண்டிருக்கக் கூடும் என்ற எண்ணம் எங்களை விடவில்லை. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

நாங்கள் இருவர் உடன்பிறந்தோர். எழுதுகின்ற கை ஒன்றாயினும் சொல் இருவருடையது. அதனால் ‘நான்’ என்று சொல்லாமல் ‘மூத்தவள்’ என்றும் ‘இளையவள்’ என்றும் சொல்லிச் செல்கிறோம். தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சி எங்கள் பிறந்த ஊர். அவ்வூரின் அப்பளத்தை அறியாதவர் தென்பாண்டி நாட்டில் இலர். திருமணமாகித் திருவனந்தபுரத்துக்கு முதலில் வந்தவள் மூத்தவள்; ஆறு ஆண்டுகள் கழித்து இளையவளும் இவ்வூருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள். கரமனைப் பகுதியில் இரண்டு தெரு இடைவெளியில் எங்கள் வீடுகள். 2014ஆம் ஆண்டில், மூத்தவள் வீட்டுப் பின்கட்டில், அம்மா தந்த பலகையையும் குழவியையும் முதலாக வைத்து அப்பளத் தொழிலைத் தொடங்கினோம். இன்று எங்களோடு ஒன்பது பெண்கள் வேலை செய்கின்றனர். அப்பளம், வடாம், மணத்தக்காளி வற்றல், பொடி வகைகள் ஆகியவை சாலைக் கடைத்தெருவுக்கும் நகரின் வேறு சில கடைகளுக்கும் செல்கின்றன.

தொழிலில் எங்கள் இருவருக்கும் இயற்கையாகவே ஒரு பிரிவினை அமைந்தது. கணக்கும் சரக்கும் மூத்தவளுக்கு. புதுமையும் பேச்சும் இளையவளுக்கு. பிரண்டைச் சாற்றின் அளவை மாற்றிப் பார்ப்பாள். கேரளத்துப் பப்படம்போல் பொங்கும் அப்பளம் ஒன்றைச் செய்து காட்டுவாள். முகம் அறியாத கடைக்காரரிடம் அரை மணியில் நட்புக் கொண்டு திரும்புவாள். ஆனால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போனால் பால் பொங்கி அடங்கிக் கரிந்த பிறகுதான் வருவாள். சாவியைத் தேடாத நாள் அவளுக்கு இல்லை. பள்ளியில் படித்த நாளில் அவளுடைய நோட்டுகளெல்லாம் முதல் பத்துப் பக்கம் முத்து முத்தாக இருக்கும், பிறகு வெறுந்தாள். “தொடங்குவதில் சூரி, முடிப்பதில் சோம்பேறி” என்று அப்பா சொல்வார். அந்தப் பெயர் திருமணத்தின்போது சீர்ப்பாத்திரங்களோடு அவள் புகுந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

உண்மைப் பெயர் தெரிய அவளுக்கு 38 வயது ஆக வேண்டியிருந்தது. அவளுடைய மகன் வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை என்று பள்ளியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். உளமருத்துவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றோம். அவர் பையனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இளையவள், “நானும் அப்படித்தான் இருந்தேன்” என்றே விடை சொன்னாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அன்று பையனுக்குத் தொடங்கிய பரிசோதனை, சில வாரங்களில் தாய்க்கும் நடந்து முடிந்தது. இருவருக்கும் இருப்பது ஏ.டி.எச்.டி. என்னும் ஒன்றே. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று அதைத் தமிழில் சொல்கின்றனர்.

இது இன்று நேற்றுப் பிறந்த நோயன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் இதனைக் கவனக்குறைவுக் கோளாறு என்று குறித்தது; 1987இல் இன்றைய பெயர் வந்தது. நெடுங்காலம் இது துள்ளித் திரியும் சிறுவர்க்கு உரியது என்றே கருதப்பட்டது. வளர்ந்தவர்களிடம் ஐந்து அறிகுறிகள் இருந்தாலே போதும் என்றும், அவற்றுட் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்றும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்தது. பெண் குழந்தைகளிடம் பெரும்பாலும் துள்ளல் வெளியே தெரிவதில்லை. மனம் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். சன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி எந்த ஆசிரியர் முறையிடப் போகிறார்? அதனால்தான், பிள்ளைக்கு மருத்துவம் பார்க்கப் போன இடத்தில் தன் நோயைக் கண்டுகொள்ளும் தாய்மார்கள் உலகெங்கும் இருக்கின்றனர்.

இனி, இக்கோளாறுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். பசி என்பது எல்லார்க்கும் தானே வந்து கதவைத் தட்டும் விருந்தாளி என்று நாம் நினைக்கிறோம். இளையவள் போன்றோர்க்கு அப்படியன்று. ஒரு வேலையில் மனம் பற்றிக்கொண்டால், வயிறு தட்டுவது செவியில் விழுவதே இல்லை. காலையில் புதிய பொடிக்கு வறுக்கத் தொடங்கினால் மாலை நான்கு மணிக்கு, “நான் சாப்பிட்டேனா அக்கா?” என்று மூத்தவளைக் கேட்பாள். இரவு எல்லாரும் படுத்த பிறகு அடுக்களைக்குச் சென்று, கையில் அகப்பட்டதையெல்லாம் நின்றவாறே உண்பாள். மருத்துவர் எழுதித் தந்த மெதில்ஃபெனிடேட் என்னும் மாத்திரை அவள் கவனத்தைச் சீராக்கியது உண்மை. கணக்கு நோட்டில் பதினோராம் பக்கத்தை அவள் எழுதி முடித்த அன்று நாங்கள் பாயசம் வைத்தோம். ஆனால், அம்மாத்திரைக்குப் பகற்பசியை அடக்கும் குணமும் உண்டு. முன்பே மெலிந்திருந்த பசிக்குரல் பிறகு முற்றும் ஓய்ந்துவிட்டது.

இந்நிலையில்தான் 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ‘இடைப்பட்டினி’ எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. நாள்தோறும் 16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ளும் முறை அது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மிகக் குறைவாக உண்ணும் முறையும் ஒன்று உண்டு. தொழில் நடத்தும் தோழி ஒருத்தி கைப்பேசியில் அனுப்பிய உரை ஒன்றில், “இது மூளையைக் கூர்மையாக்கும், ஏ.டி.எச்.டி. உள்ள பெண்கள் இதனால் ஒழுங்கு பெறுவர்” என்று ஒருவர் அழகாகப் பேசினார். செல் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபெல் பரிசு பெற்றதையும் அவர் சான்று காட்டினார். பரிசு பெற்றது உண்மைதான். ஆனால், ஓசுமி அதனை ஆராய்ந்தது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இளையவள் அதில் ஏன் அவ்வளவு ஈடுபட்டாள் என்பதை இப்போது எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. பிறந்தது முதல் எதையும் முடிக்காதவள் என்று பெயர் வாங்கியவள் அவள். அவளுக்கு உண்ணாதிருத்தல் ஒன்றுதான் முயற்சியின்றிக் கைகூடியது. காலையில் சர்க்கரை இல்லாத கடுங்காப்பி, அதன்மேல் மாத்திரை, பிறகு பிற்பகல் இரண்டு மணி வரை ஒன்றுமில்லை. கைப்பேசியில் இருந்த கணக்கு நாள்தோறும் அவளைப் பாராட்டியது. பதினாறு மணி, பதினெட்டு மணி, ஒரு நாள் இருபத்திரண்டு மணி என்று அவள் மூத்தவளிடம் காட்டி மகிழ்ந்தாள். மூத்தவளும், “பார், மனம் வைத்தால் உன்னால் முடிகிறதே!” என்று மெச்சினாள். அந்த மெச்சுதலில் தனக்கும் பங்கு உண்டு என்பதை மூத்தவள் இன்றும் மறக்கவில்லை.

ஆவணி பிறந்தது. திருவோணம் அவ்வாண்டு ஆகஸ்டு 29இல் வந்தது. ஓணச் சத்தியில் இலை நிறையப் பரிமாறினாலும் பப்படம் இன்றேல் அது நிறைவதில்லை. ஆதலின் எங்கள் தொழிலுக்கு அதுவே அறுவடைக் காலம். ஒரு நாள் காலை முப்பது கிலோ உளுத்தமாவைப் பிசைந்தோம். உப்பும் அப்பளக்காரமும் அளந்து போடுவது இளையவள் பொறுப்பு. மாவை இடித்து, இழுத்து, நூலால் அறுத்து, முதல் ஐம்பது அப்பளங்களை இட்டு உலர்த்தியபின் ஒன்றைப் பொரித்து வாயில் வைத்தாள் வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி. “சேச்சி, இது கடலைத் தின்பதுபோல் இருக்கிறது” என்றாள். உப்பு இருமுறை விழுந்திருந்தது. முப்பது கிலோ மாவும் வீணாயிற்று.

மூத்தவள் அப்போது சொன்ன சொல்லை இங்கே எழுதாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகும். ஒன்பது பெண்கள் கேட்க, “உனக்கு எதிலுமே மனம் ஒட்டாதடி! உன்னை நம்பித் தொழில் செய்வது ஆற்றில் கோலம் போடுவதுதான்!” என்றாள். இளையவள் ஒன்றும் பேசவில்லை. அன்று பிற்பகலும் அவள் உண்ணவில்லை. அதனை நோன்பு என்று அவள் எண்ணினாளா, தண்டனை என்று எண்ணினாளா என்பது அவளுக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து, புதிதாக உளுந்து வாங்க அவள் சாலைக்குச் சென்றாள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அக்கடைத்தெரு, ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் எப்படி இருக்கும் என்பதை இவ்வூர்வாசிகள் அறிவர். கால் வைக்க இடம் இராது. பருப்பு மண்டியில் மூட்டையைக் காட்டி விலை பேசிக்கொண்டிருந்தவள், அப்படியே மூட்டையின்மேல் சாய்ந்துவிட்டாள். மண்டிக்காரர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய அண்ணாச்சி. முகத்தில் நீர் தெளித்து, அவள் கண் விழித்தபின் சர்க்கரை கரைத்த எலுமிச்சைநீர் தந்து, மூத்தவளுக்குச் சொல்லியனுப்பினார். மூத்தவள் ஓடிச்சென்றபோது அண்ணாச்சி கேட்ட கேள்வி ஒன்றே: “தங்கச்சி காலையிலே என்னம்மா சாப்பிட்டுது?” மூத்தவளுக்கு விடை தெரியவில்லை. நாள்தோறும் உடன் இருக்கும் தங்கை உண்டாளா என்பதை அறியாத அக்காள், ஒரு கிராம் உப்புக்குக் கணக்குக் கேட்டிருந்தாள்!

மருத்துவரிடம் மீண்டும் சென்றோம். எடையைப் பார்த்தார்; இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தது. குறைவதற்கு இடமுள்ள உடலன்று அவளுடையது. நாடி படபடத்தது. மாத்திரையோடு வெறும் வயிற்றில் கடுங்காப்பி குடிப்பது படபடப்பைக் கூட்டும் என்றார். நாங்கள் இடைப்பட்டினியைப் பற்றிச் சொன்னதும் அவர் சினந்துகொள்ளவில்லை. “மாத்திரை ஒரு பக்கம் பசியை அடக்குகிறது, மறதி ஒரு பக்கம் அடக்குகிறது. அவற்றின் மேல் மூன்றாவதாக ஒரு பூட்டையும் போட்டுவிட்டீர்கள். பூட்டு வேண்டியவர் வேறு, உங்களுக்கு வேண்டியது மணி” என்றார். உப்பை இருமுறை போட்டதற்குக் கோளாறு மட்டும் காரணமன்று, உணவும் உறக்கமும் இன்றித் தளர்ந்த மூளையும் காரணமாகும் என்று அவர் விளக்கினார்.

அதன்பின் நாங்களும் கொஞ்சம் படித்தோம். பிறர் படித்துச் சொல்லவும் கேட்டோம். இடைப்பட்டினி வீணான முறை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உடற்பருமன் உள்ளோர் சிலர்க்கு அது உணவைக் குறைக்க எளிய வழியாக அமைகிறது. ஆனால், அதில் மாயம் ஒன்றும் இல்லை. 2020இல் அமெரிக்காவில் 116 பேரை 12 வாரம் பார்த்த ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்கள், மூன்று வேளையும் உண்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு எடை குறையவில்லை. 2022இல் சீனத்தின் குவாங்சோ நகரில் பருமனான 139 பேரை ஓராண்டு பார்த்தனர். உணவின் அளவைக் குறைத்தவர்க்கு, நேரத்தையும் குறைத்ததனால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் கிட்டவில்லை. இந்நோன்பு ஏ.டி.எச்.டி.யைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாறாக, பகலெல்லாம் உண்ணாதிருந்து இரவில் கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கம் இக்கோளாறு உடையோரிடம் மிகுதி என்பதை மருத்துவ உலகம் அறியும். ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் என்னும் மருந்தை, அத்தகைய மிகையுணவு நோய்க்கும் தரலாம் என்று அமெரிக்க அரசு 2015இல் இசைவளித்தது. இரண்டு நோய்களும் ஒன்றையொன்று அடுத்த வீட்டார் என்பதற்கு இது போதாதா?

“நம் முன்னோர் விரதம் இருந்தார்களே! அவர்கள் மயங்கி விழுந்தார்களா?” என்று எங்கள் அத்தை கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடியபோதுதான் எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஏகாதசியன்று உண்ணாதிருப்பவர், துவாதசியன்று குறித்த காலத்தில் பாரணை செய்ய வேண்டும். அந்நேரத்தைப் பஞ்சாங்கம் அச்சிட்டே தருகிறது. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இலையில் விழ வேண்டும் என்பதுவரை வகுத்திருக்கிறார்கள். பாரணை தவறினால் விரதம் நிறைவு பெறாது என்பது பெரியோர் கொள்கை. இஸ்லாமியச் சகோதரிகளின் ரமலான் நோன்புக்கு மாலைத் தொழுகை அழைப்பு எல்லை. நோயுற்றோர்க்கும் கருவுற்றோர்க்கும் பயணம் செய்வோர்க்கும் அதில் விலக்கு உண்டு. கிறித்தவச் சகோதரிகளின் தவக்காலத்துக்கு உயிர்த்த ஞாயிறு எல்லை. ஆக, எந்தச் சமயத்து நோன்பை எடுத்துக்கொண்டாலும், நுழையும் வாயில் ஒன்று, வெளியேறும் வாயில் ஒன்று என இரண்டு வாயில் இருக்கும். வெளியேறும் வாயிலில் உணவோடு யாரேனும் காத்திருப்பார்கள்.

எங்கள் இளையவள் இருந்தது பாரணை இல்லாத பட்டினி. அதற்குத் தொடக்கம் அவள் நினைவில் இல்லை. முடிவை எவரும் குறிக்கவில்லை. இலை போட்டுக் காத்திருக்க ஒருவரும் இல்லை. மறந்த பட்டினி விரதமாகாது. இதனைத்தான் இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்தோம்.

தொழில் நடத்தும் பெண்களுக்கு இந்த இடர் இரட்டிப்பாகும். அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு உணவு இடைவேளை என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையில் சங்கு ஊதும். தன் வீட்டுப் பின்கட்டில் தொழில் செய்பவளுக்குச் சங்கு ஊதுவோர் யார்? முதலாளியும் அவளே, கடைசியாக உண்பவளும் அவளே. பிழைக்க வந்த ஊரில் தாய்வீட்டு மனிதர் பக்கத்தில் இல்லாத நம் போன்ற குடும்பங்களில், “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் குரல்களும் குறைவு. தன்னைப் பேணிக்கொள்ளுதல் என்றவுடன் பலரும் எண்ணெய் முழுக்கையும் புதுப்புடவையையும் நினைக்கின்றனர். அவை வேண்டாமென்று சொல்லோம். ஆனால், வேளைக்கு உண்பதும், வேளைக்கு உறங்குவதும், உதவி கேட்பதும் அவற்றுக்கு முற்பட்டவை.

பெண்கள் கூடித் தொழில் செய்து சிறந்த வரலாறுகள் நம் நாட்டில் பல. 1959ஆம் ஆண்டு மார்ச்சு 15இல் பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய அப்பளத் தொழிலே பின்னர் லிஜ்ஜத் என்று நாடெங்கும் பெயர் பெற்றது. 1998இல் கேரள அரசு தொடங்கிய குடும்பசிரீயின் தலைமையிடம் நம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அதன் அடிப்படை அயல்கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் ஒன்றுகூடும் அவை. எங்களிடம் வேலை செய்யும் பெண்களுள் நால்வர் அத்தகைய அயல்கூட்டத்தவர். அங்கே கணக்கை ஒருத்தி மட்டும் பார்ப்பதில்லை, இன்னொருத்தியும் பார்ப்பாள் என்று அவர்கள் சொல்லக் கேட்டபோது எங்களுக்கு வழி பிறந்தது. ஒருத்தியின் மறதியைத் திருத்துவதைவிட, மறதி நேர்ந்தாலும் கெடாதபடி வேலையை அமைப்பது எளிது.

நாங்கள் செய்த மாற்றங்கள் இவை. உப்பும் காரமும் இப்போது முதல் நாள் மாலையே கிலோ அளவுக்கு ஏற்பத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டப்படுகின்றன. மாவில் கொட்டியபின் வெறும் பொட்டலத்தைச் சுவரில் உள்ள ஆணியில் குத்திவைக்க வேண்டும். ஆணியில் பொட்டலம் இருந்தால் உப்புப் போட்டாயிற்று. மாத்திரையை இளையவள் காலை உணவுக்குப் பின்னரே விழுங்குகிறாள். இரண்டு இட்டலியேனும் வயிற்றில் விழுந்த பிறகுதான் மாத்திரைப் பெட்டி திறக்கும். பகல் பன்னிரண்டரை மணிக்குப் பின்கட்டில் வெண்கல மணி ஒன்றை அடிக்கிறோம். எவர் கையில் எந்த வேலை இருந்தாலும், பதினொருவரும் ஒரே பந்தியில் அமர்ந்தாக வேண்டும். பசிக்கிறதா என்று எவரையும் கேட்பதில்லை. மணி அடித்தால் உணவு. நான்கு மணிக்குச் சுண்டலோ நேந்திரம்பழமோ உண்டு. இரவு எட்டு மணிக்குள் உணவை முடித்து, மறுநாள் காலை எட்டு மணிவரை வயிற்றுக்கு ஓய்வு தருகிறோம். அப்பன்னிரண்டு மணி நேரமே இளையவளுக்கு மருத்துவர் இசைந்த இடைவெளி. மூத்தவளும் அதையே பின்பற்றுகிறாள்.

நோன்பிருக்க விரும்பும் சகோதரிகளுக்கு, மருத்துவர் எங்களுக்குச் சொன்னவற்றையும் சொல்லிவிடுகிறோம். கருவுற்றோரும் பாலூட்டுவோரும், உடல் மெலிந்தோரும், சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோரும், உணவு தொடர்பான மனநோயால் முன்பு வருந்தியோரும் மருத்துவரைக் கேளாமல் இத்தகைய பட்டினியில் இறங்கலாகாது. ஏ.டி.எச்.டி. மாத்திரை உண்போர் தாமே அதை நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. தலைசுற்றல், படபடப்பு, கை நடுக்கம் கண்டால் நோன்பை அப்போதே முடித்துக்கொள்வதே முறை. அது தோல்வியன்று, அதுவும் ஒரு பாரணையே.

மாசி வந்தது. ஆற்றுகால் பகவதியின் பொங்காலை 2024ஆம் ஆண்டில் பிப்ரவரி 25ஆம் நாள். மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூர் செல்லும் வழியில் இங்கே தங்கினாள் என்பது இவ்வூர் வழக்கு. திருவிழா நாட்களில் தோற்றம்பாட்டாக அக்கதையையே பாடுகின்றனர். நம் கண்ணகியைக் கேரளத்துப் பெண்கள் தாயாகக் கொண்டாடும் அந்நாளில், நாம் வேற்றூரார் என்ற எண்ணமே மறந்துபோகும். 1997இல் 15 லட்சம் பெண்களும் 2009இல் 25 லட்சம் பெண்களும் கூடியதாகக் கின்னஸ் நூலில் பதிவாகியுள்ளது. பெருந்தொற்றினால் 2021இலும் 2022இலும் பெண்கள் தத்தம் வீட்டு வாயிலிலேயே பொங்காலை இட நேர்ந்தது.

“இந்த ஆண்டு நான் விரதம் இருக்கலாமா?” என்று இளையவள் கேட்டாள். மூத்தவள் பதறினாள். மருத்துவரைக் கேட்டோம். இங்கே ‘ஒரிக்கல்’ என்று சொல்லும் ஒருபொழுது முறையில், அரிசிச் சோறு ஒரு வேளை. மற்ற வேளைகளில் பழமும் பாலும் கோதுமைப் பலகாரமும் வேளை தவறாமல் கொள்வதானால் தடையில்லை என்றார். வயிற்றைக் காயப்போடும் விரதமாக இன்றி, எண்ணி உண்ணும் விரதமாக அது அமைந்தது. காலை மாத்திரைக்கு முன் கோதுமைக் கஞ்சி குடித்தாளா என்று அத்தையே நாள்தோறும் வந்து பார்த்தார்கள்.

அன்று விடியற்காலையில் கிள்ளியாற்றுப் பக்கம் ஒரு தெருவோரத்தில் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்புக் கூட்டினோம். முற்பகலில் கோயிலின் பண்டார அடுப்பில் தீ மூட்டினர். அத்தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, தெருத் தெருவாக நகர்ந்து எங்களிடம் வந்தது. முன்பின் அறியாத பெண் ஒருத்தி எங்கள் அடுப்புக்குத் தீ தந்தாள். நாங்கள் அடுத்தவளுக்குத் தந்தோம். இளையவள் சர்க்கரைப் பொங்கலோடு பாசிப்பயற்று மாவில் மண்டைப்புற்றும் செய்தாள். தலைநோய் தீர வேண்டுவோர் வைக்கும் படையல் அது. “மாத்திரையையும் விடப்போவதில்லை, இதையும் விடப்போவதில்லை” என்று சிரித்தாள். புகையில் கண் கரிக்க, மூத்தவளும் சிரித்தாள்.

அடுப்பின் முன்னே அமர்ந்திருந்த அந்நேரத்தில்தான் மூத்தவள், ஆறு மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னாள். “அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளடி.” இளையவள் பானையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பொங்கி வருகிறது அக்கா, பார்த்துக்கொண்டிரு. நான் எங்காவது பார்த்துவிடுவேன்” என்றாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பானை பொங்கி வழிந்தது.

பிற்பகலில் நைவேத்தியம் முடிந்து, தீர்த்தம் தெளிக்கப்பட்டபின், பானையைத் திறந்து முதற்பிடியை மூத்தவள் தங்கையின் இலையில் வைத்தாள். பக்கத்து அடுப்புப் பெண்களும் தத்தம் பானையிலிருந்து ஆளுக்கொரு பிடி வைத்தனர். இளையவள் முழுவதையும் உண்டு முடித்தாள். தொடங்கியதை அவள் முடிப்பதில்லை என்று இனி எங்கள் குடும்பத்தில் எவரும் சொல்லார்.

எங்கள் பின்கட்டு மணி நாள்தோறும் பன்னிரண்டரைக்கு அடிக்கிறது. கரமனைப் பக்கம் வரும் சகோதரிகள் அவ்வேளையில் வந்தால், ஓர் இலை கூடப் போடுவது எங்களுக்குக் கடினமன்று. வர இயலாதோர், தம் வீட்டிலோ தம் தொழிலிடத்திலோ எவளேனும் உண்ண மறந்திருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் அதுவே போதும்.